'பாரிஸின் கூரைகளின் கீழ்' படத்தை எப்படிப் பார்ப்பது?

ரெனே கிளேர் 1930இல் இயக்கிய இந்தப் பிரெஞ்சுப் படத்தை முதன்முறை பார்ப்பவர்கள், கூரைகளிலிருந்து தெருவுக்கு இறங்கும் கேமரா, பாட்டுத்தாள் விற்கும் ஆல்பேரையும் அவருடன் சேர்ந்து பாடும் கூட்டத்தையும் சென்றடையும் தொடக்கக் காட்சியைத் தவறவிடக் கூடாது. லாசர் மீர்சன் வடிவமைத்த அந்தத் தெரு ஸ்டுடியோவில் போடப்பட்ட அரங்கம்தான். அதன் பிறகு, ஒலி எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பேசுபவர்களின் குரல் நமக்குக் கேட்பதில்லை. ரவுடி ஃபிரெத்துடன் ஆல்பேர் இருப்புப்பாதை அருகே இரவில் மோதும்போது, சண்டையின் சத்தத்தை ரயிலின் இரைச்சல் மூடிவிடுகிறது. அந்தக் காட்சியை ஒலியை அணைத்து இன்னொரு முறை பார்த்து ஒப்பிட்டால், இயக்குநரின் கணக்கு தெளிவாகப் புரியும். நாயகி போலாவுக்காக ஆல்பேரும் அவருடைய நண்பரும் முரண்படும் பகுதி சற்று இழுவைதான் என்றாலும், வசனம் குறைவு என்பதால் பிரெஞ்சு தெரியாதவர்களும் கதையைப் பெருமளவு பின்தொடரலாம்.