ஆளுயரப் பொம்மையின் உள் சட்டகம் முறிந்தால்

ஆளுயர சிலிகான், டிபிஇ (ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக்) பொம்மைகளுக்குள் எஃகுக் குழாய்களையும் போல்ட் மூட்டுகளையும் இணைத்த சட்டகம் ஒன்று இருக்கும். கை தொங்கிப்போனது என்றவுடன் கத்தியை எடுக்க வேண்டாம். முழங்கையோ தோளோ வைத்த நிலையில் நிற்காமல் சரிந்தால் பெரும்பாலும் நட்டு தளர்ந்திருக்கும். மூட்டே இல்லாத இடத்தில் வளைந்து, உள்ளே உலோகம் உரசும் ஒலி கேட்டால் குழாயோ பற்றவைப்போ முறிந்திருக்கும்.

தோலை வெட்டுவதானால் கண்ணில் படாத பின்பக்கத்தில், உறுப்பின் நீளவாக்கில், மூட்டு மடங்கும் கோட்டைத் தவிர்த்து, புதிய பிளேடால் ஒரே சீராக வெட்டுங்கள்; குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு அசைவிலும் அது மேலும் கிழியும்.

டிபிஇ வெப்பத்தில் உருகிவிடும் என்பதால் உடலுக்குள் வைத்து வெல்டிங் செய்யவே கூடாது. முறிந்த பகுதியைக் கழற்றி வெளியே எடுத்துப் பற்றவைக்க வேண்டும். கழற்ற இயலாவிட்டால், முறிவின் மேல் பொருந்தும் எஃகுக் குழாயைச் செருகி, இருபுறமும் துளையிட்டு போல்ட்டால் இறுக்கலாம். என் கணக்கில் வீட்டு வேலைக்கு இதுவே நம்பகமானது. தளர்ந்த மூட்டுக்கு நைலான் வளையமுள்ள நட்டு போதும். கூர்முனைகளை அரத்தால் மழுக்கி, ஸ்பாஞ்ச் சுற்றாவிட்டால் அவை உள்ளிருந்தே தோலைக் கிழித்துவிடும்.

வெட்டை மூடும்போது டிபிஇக்கு அதற்குரிய கரைப்பான் பசையையும் (பரப்பைச் சற்றுக் கரைத்து ஒட்டுவது), சிலிகானுக்கு சிலிகான் பசையையும் மட்டுமே பயன்படுத்துங்கள். சாதாரணப் பசைகள் சிலிகானில் சரியாக ஒட்டாது. கரைப்பானின் ஆவி கெடுதல் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பசை முழுதாக இறுகும்வரை அந்த உறுப்பை அசைக்கக் கூடாது.