ஏஐ படத்தை விற்கும் சரக்காக்குவது: தீபாவளி உறை, டி-சட்டை, டிஜிட்டல் கோப்பு

படம் வரையும் ஏஐயில் (செயற்கை நுண்ணறிவு) ஒரே கட்டளையை யார் தட்டினாலும் ஏறக்குறைய ஒரே மயில்தான் வரும். அதை அப்படியே கடையில் ஏற்றினால் போட்டி விலையை அரை வெள்ளிக்கு இறக்கிவிடும். ஏஐ தடுமாறும் இடங்களில்தான் நமக்குக் காசு இருக்கிறது. கோலம், தமிழ் எழுத்து, சாமி உருவம் மூன்றையும் திருத்தத் தெரிந்தவருக்குத்தான் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலை.

முதலில் கோலம். சிக்குக் கோலத்தை ஏஐயிடம் கேட்டால் தூரத்திலிருந்து அழகாகத் தெரியும். ஒரு கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள், பாதியில் அறுந்து நிற்கும். நம் பாட்டிமார் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 7-க்கு 7 புள்ளி வைத்து, கால்பங்கை மட்டும் கையால் வரைந்து, 90 பாகையாக மூன்று முறை நகலெடுத்துச் சுழற்றினால் கோலம் முழுமையாகும். ஓரத்தில் கோடுகள் சேர்கின்றனவா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ஏஐயைப் பின்புலத்துக்கும் விளக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். விளக்கு கேட்கும்போது ‘பித்தளைக் குத்துவிளக்கு, ஐந்து முகம், வெற்றுப் பின்புலம், எழுத்து வேண்டாம்’ என்று விவரமாகக் கேளுங்கள். திரியையும் எண்ணிப் பாருங்கள், ஆறு வந்தாலும் வரும்.

சாமி படமென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏகதந்தருக்கு இரண்டு தந்தமும் முழுசாக முளைத்திருக்கும், முருகன் கையில் வேலுக்குப் பதில் திரிசூலம் இருக்கும். மிதியடி, செருப்பு போன்றவற்றில் சாமி உருவம் போடவே போடாதீர்கள்.

படத்துக்குள் தமிழ் எழுதச் சொன்னால் பெரும்பாலும் தமிழ் போலத் தோன்றும் கிறுக்கல்தான் கிடைக்கும். எழுத்தை எப்போதும் தனியாகச் சேருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கேட்டமரான் ஆகிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் உள்ளவை, விற்பனைக்கும் பயன்படுத்தலாம். போட்டோஷாப்பில் ‘கொடி’ என்று தட்டும்போது கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் சரியாகும். அச்சுக் கடைக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ‘தீபாவளி’ கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

இனி அளவு. 1024-க்கு 1024 பிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் மூன்றரை அங்குலம்கூடத் தேறாது. அப்ஸ்கேல் என்ற இலவச மென்பொருளில் நான்கு மடங்காக்கினால் 13 அங்குலத்துக்கு மேல் வரும். ஏ4-க்கு 2480-க்கு 3508 பிக்சல், டி-சட்டைக்கு 4500-க்கு 5400 பிக்சல் ஒளிபுகும் பின்புலத்தோடு. கறுப்புச் சட்டையில் டிடிஎஃப் முறையில் (படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றுவது) அச்சிடும்போது ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரிவது வழக்கமான புகார். பாதி ஒளிபுகும் பிக்சல்களுக்கு அடியிலும் வெள்ளை மை விழுவதுதான் காரணம். பின்புலம் நீக்கியபின் விளிம்பை இரண்டு பிக்சல் உள்ளே வெட்டிக் கூர்மையாக்குங்கள்.

தீபாவளி அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) உறைக்கு நம் ஊர் வழக்கப்படி ஊதா நிறம். இதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். திரையில் ஊதா, அச்சில் நீலம்! அச்சு மைகளான சையானும் (நீலம்) மெஜந்தாவும் (இளஞ்சிவப்பு) நெருங்கிய அளவில் இருந்தால் இப்படி ஆகும். மெஜந்தா 100 விழுக்காடு என்றால் சையானை 70-க்கு மேல் விடாதீர்கள். உறையின் வெட்டு வார்ப்பை (வெட்டும் மடிக்கும் கோடுகள் உள்ள கோப்பு) அச்சுக் கடையிலேயே கேட்டு வாங்கி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட்டு, ஒரே ஒரு மாதிரி அச்சிட்டுப் பார்த்த பிறகே மொத்தமாகக் கொடுங்கள். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும், ஆகஸ்டில் சரக்கு கடையில் ஏறியிருக்க வேண்டும்.

கோப்பாகவே விற்பதென்றால் எட்சி என்ற இணையச் சந்தை. ஒரு பொருளைப் பட்டியலிட நான்கு மாதத்துக்கு 20 அமெரிக்க சென், விற்றால் விலையில் 6.5 விழுக்காடு. 5 டாலர் கோப்பில் இவை இரண்டுக்கே 50 சென்னுக்கு மேல் போய்விடும், பணம் செலுத்தும் கட்டணம் வேறு. ஏஐ பயன்படுத்தியதைப் பட்டியலில் சொல்லியாக வேண்டும். படங்களை விற்றுத்தரும் அடோபி ஸ்டாக் தளமும் ஏஐ படங்களை ஏற்கிறது. அதற்கான பெட்டியில் குறியிட வேண்டும், குறைந்தது 4 மெகாபிக்சல் வேண்டும், கட்டளையில் ஓவியர் பெயர் இருக்கக் கூடாது. ஷட்டர்ஸ்டாக் வெளியாரின் ஏஐ படங்களை வாங்குவதில்லை, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பினாங்கு நினைவுப்பொருள் செய்ய ஆசைப்படுவோர் ஆர்மேனியன் தெருவின் சைக்கிள் சுவரோவியத்தை ஏஐயில் ‘மாற்றி’ விற்க நினைப்பதுண்டு. அது எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-இல் வரைந்தது, தெருவில் இருப்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. மறுபக்கம், முழுக்க ஏஐ வரைந்த படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை. உங்கள் படத்தை இன்னொருவர் அள்ளிக்கொண்டால் தடுப்பது கடினம். கையால் வரைந்த கோலமும் அமைத்த எழுத்தும் இங்கேயும் கைகொடுக்கும்.

தொடர்ந்து விற்கத் தொடங்கினால் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயரில் 60 வெள்ளி. வியாபார வருமானம் வந்ததும் வருமான வரிக்கு, சம்பளக்காரர் நிரப்பும் பிஇ பாரத்துக்குப் பதில் பி பாரம். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள், மென்பொருள் சந்தா ரசீது உட்பட.