தவசிக்கீரைக் குச்சி வேர்விட்ட விதம்
பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் தொட்டியில் நட்ட தவசிக்கீரைக் குச்சிகள், ஒரு வாரம் பச்சையாகவே நின்று ஏமாற்றிவிட்டு, இரண்டு முறையும் அடியில் கறுத்து அழுகிப்போயின. பிடுங்கிப் பார்த்தபோது செம்மண் இறுகிச் சேறாகக் கிடந்தது. நுனியிலுள்ள இளந்தண்டை வெட்டி நட்டதும் என் பிழைதான். மூன்றாம் முறை, பென்சில் கனமுள்ள முற்றிய தண்டை அரை அடிக்கு நறுக்கி, இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மட்கிய சாணமும் கலந்த மண்ணில் இரண்டு கணுக்கள் புதையுமாறு முருங்கை நிழலில் நட்டு, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது வாரத்தில் கணுவில் நெல்மணியளவு துளிர் தெரிந்தது. இப்போது பாசிப்பருப்புடன் வேகவைத்துப் பொரியல் செய்கிறோம். பச்சைச் சாறாக மட்டும் குடிப்பதில்லை. 1990-களில் தைவானில் உடல் இளைப்பதற்காக அவ்வாறு தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.