கனத்த கூரை போய் இலேசான கூரை வரும்போது: கராஜுக்குத் தகரம் போடுதல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் 1960களில் எழுந்த வீடுகளை ஒட்டி நிற்கும் பழைய கராஜ்கள் பலவற்றின் மேல் இன்றும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்டுத் தகடுகளே இருக்கின்றன. அவை பாசி பிடித்து, விளிம்பு உதிர்ந்து, ஆணித்துளைகளின் வழியே ஒழுகத் தொடங்கிய பிறகே நாம் தகரத்தைப் பற்றி நினைக்கிறோம். தகரம் நல்ல தேர்வுதான். ஆனால், பழைய தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ எடையோடு தன் பாரத்தாலேயே சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. அதன் இடத்தில் வரும் 0.5 மி.மீ. தகரமோ சுமார் 5 கிலோதான். ஆகவே இந்த வேலையில் ஒழுகலைத் தடுப்பதற்கு இணையாக, கூரை காற்றில் எழும்பாமல் கீழே பிடித்து வைப்பதற்கும் கவனம் செலுத்த வேண்டும்.

முதலில் பழைய தகட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்கா கல்நாரை 2008-இல் தடை செய்தது; அதற்கு முன் போட்ட சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு எதுவாயினும், அதில் கல்நார் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைப்பதும் அறுப்பதும் துளையிடுவதும், பாசியைப் போக்க அழுத்த நீர் அடிப்பதும் கண்ணுக்குத் தெரியாத நார்களை அக்கம்பக்கமெங்கும் பரப்பிவிடும். அவற்றை மூச்சோடு இழுத்தவருக்கு நோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. இந்தத் தகடுகளை அகற்றும் பணியை அதற்கெனப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரரிடம் ஒப்படையுங்கள். சில ஆயிரம் ராண்டு மிச்சம் என்று தாமே ஏறிப் பிரிப்பவர்களை நான் பாராட்டமாட்டேன். வந்தவர்கள் தகடுகளை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென உரிமம் பெற்ற குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோகிறார்களா என்று மட்டும் பாருங்கள். பழைய தகட்டின்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. முதிர்ந்த தகடு எச்சரிக்கை தராமலே உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும்.

டர்பனில் மழை பெரும்பாலும் கோடையில் பெய்வதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களே கூரையைத் திறந்து வைக்க ஏற்றவை. மரச்சட்டம் வெளியே தெரியும் அந்நாளில் ஒவ்வொரு கட்டையையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கும் இடம் கறையானோ உளுத்தலோ கண்ட இடம். அக்கட்டையை மாற்றாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்துத் தகரத்தின் வகை. நெளிதகரத்துக்குச் சுமார் 10 பாகை சரிவு தேவை. பெட்டி வடிவ முகடுகள் கொண்ட ஐ.பி.ஆர். தகரத்துக்கு 5 பாகை போதும். ஆறு மீட்டர் நீளக் கராஜில் 5 பாகை என்பது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சுமார் 52 செ.மீ. உயர வேறுபாடு, 10 பாகை என்றால் அது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். நம் கராஜ்கள் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் ஐ.பி.ஆர். தகரமே பொருந்தும். ஒரு தகடு மூடும் அகலம் 686 மி.மீ. என்பதால், 3.2 மீட்டர் அகலக் கராஜுக்கு ஐந்து தகடுகள் போதும். இருபுறமும் ஏறத்தாழ 11 செ.மீ. வெளியே நீண்டிருக்கும். நீளத்தைக் கடையில் சொல்லி ஒரே துண்டாக வெட்டி வாங்குங்கள். நடுவில் ஒட்டு இல்லாத கூரைக்கு அங்கே ஒழுகவும் வழியில்லை. கடலுக்கு மிக அருகில் உள்ளவர்கள் அலுமினியத் தகட்டின் விலையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்று சாதாரணத் துத்தநாகப் பூச்சை விரைவில் தின்றுவிடும்.

இப்போது பிடிமானம். நம் தாத்தா பாட்டி காலத்து மரமும் தகரமுமான வீடுகளின் கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைத்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது அன்றைய ஏழ்மையின் ஏற்பாடு; இன்று அதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு உத்திரத்தின் முனையிலிருந்தும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைச் சுவரின் உட்புறமாகக் கீழே இறக்கி, குறைந்தது 600 மி.மீ. நீளத்துக்கு, அதாவது சுமார் ஏழு வரிசைச் செங்கல் ஆழத்துக்கு, விரியும் போல்ட்டுகளால் பல இடங்களில் சுவரோடு இறுக்குங்கள். மேல் வரிசைச் செங்கலில் மட்டும் பட்டையை மாட்டினால், காற்று கூரையோடு அந்த வரிசையையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகும்.

தகரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். ஆறு மீட்டருக்கு ஏழு கட்டைகள் வரும். டர்பனில் புயல்மழை தென்மேற்கிலிருந்து பாய்ந்து வருவதால், தகடுகளை அதற்கு எதிர்முனையில் தொடங்கித் தென்மேற்கை நோக்கி அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மேலடுக்கின் திறந்த விளிம்பும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மேல்முனையில் பள்ளங்களின் நுனியை இடுக்கியால் சற்று மேல்நோக்கி வளைத்துவிட்டால், காற்று தள்ளும் நீர் உள்ளே ஏறாது.

திருகாணிகளை முகட்டின் மேல்தான் இறக்க வேண்டும், நீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. முகட்டின் உயரமே சுமார் 36 மி.மீ. என்பதால், மரத்துக்குள் நன்றாக இறங்க 75 மி.மீ. நீளமாவது வேண்டும். முதல், கடைசிக் கட்டைகளில் எல்லா முகடுகளிலும், மற்றவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றிலும் அடித்தால், ஐந்து தகட்டுக் கூரைக்கு 97 திருகாணிகள் ஆகும். கைதவறி விழுவதையும் சேர்த்து 120 வாங்குங்கள். கட்டைக்கு நேராக நூல் பிடித்துக் குறியிட்டால் குறி தவறாது. இரப்பர் வாஷர் தட்டையாகப் படிந்ததும் நிறுத்திவிடுங்கள். அது வெளியே பிதுங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். வெயிலில் அங்கேதான் முதலில் வெடிக்கும்.

தகட்டை வெட்டக் கிரைண்டரைத் தொடாதீர்கள். அதன் பொறிகள் பூச்சைப் பொசுக்கி, மாதங்களுக்குள் துருப்புள்ளிகளாக மலரும். தகரக் கத்தரியே போதும். துளையிட்டுத் தெறித்த இரும்புத் தூள் பனிபட்டாலே துருப்பிடித்துக் கறையாகிவிடும் என்பதால், அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து கீசரின் செப்புக்குழாய் உங்கள் புதுக் கூரைமேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். செம்பைத் தொட்டு வரும் நீர் துத்தநாகத்தை அரிக்கும். குழாயை வேறு பக்கம் திருப்புங்கள்.

முதல் தென்மேற்குக் காற்று அடித்து ஓய்ந்ததும், உள்ளே நின்று ஒவ்வொரு பட்டையையும் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டை இறுக்குங்கள். பிறகு ஆண்டுக்கு இருமுறை, மழை எட்டாத இறவாரத்தின் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவுங்கள். உப்பு தங்குவதும் துரு தொடங்குவதும் அங்கேதான்.