மோட்டார் ஹோம் சோலார் அமைப்புக்கு ஏற்ற பி.எம்.எஸ். தேர்ந்தெடுப்பது எப்படி?

மோட்டார் ஹோமில் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பொருத்துபவர்களில் பலர், அதன் கொள்ளளவு எத்தனை ஆம்பியர்-மணி என்பதைச் சொல்லித்தான் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்து, வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பேட்டரி மேலாண்மை அமைப்பு) கேட்கிறார்கள். இந்தத் தேர்வில் அந்த எண்ணுக்குப் பெரிய வேலையில்லை. வண்டியில் ஒரே சமயத்தில் ஓடக்கூடிய அதிகபட்ச லோடு எவ்வளவு, வண்டி எவ்வளவு குளிரில் நிற்கப்போகிறது என்ற இரண்டையும் முதலில் கணக்கிட வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்புக்காக 2000 வாட் இன்வெர்ட்டர் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதன் திறன் 90 சதவீதம் என்றால், நான்கு செல்கள் கொண்ட 12.8 வோல்ட் பேட்டரியிலிருந்து முழு லோடில் ஏறத்தாழ 174 ஆம்பியர் இழுக்கும்; 100 ஆம்பியர் பி.எம்.எஸ். சமையலின் நடுவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது சில நொடிகளுக்கான உச்ச அளவாகவும் இருக்கக்கூடும் என்பதால், தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு எவ்வளவு என்று பார்த்து, 200 ஆம்பியருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். அதன் உள்தடை ஒரு மில்லி ஓம் இருந்தாலே 200 ஆம்பியரில் 40 வாட் வெப்பம் உண்டாகும். ஆகவே அதைக் காற்றோட்டமில்லாத இருக்கைப் பெட்டிக்குள் அடைக்கக் கூடாது. வண்டியை இனிமேல்தான் வடிவமைக்கப்போகிறவர்கள் 24 வோல்ட் அமைப்புக்குப் போனால் ஆம்பியர் பாதியாகிவிடும், கேபிள் செலவும் குறையும்.

நார்வேயிலோ கனடாவிலோ குளிர்காலத்தில் பயணம் செய்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த வகை செல்லைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். காலை வெயில் பட்டதும் பேனல் தானாகச் சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும் என்பதால், வெப்பநிலை சென்சார் உள்ளதும், சார்ஜை மட்டும் நிறுத்திவிட்டு விளக்கும் ஹீட்டரும் ஓட அனுமதிப்பதுமான பி.எம்.எஸ்.ஸே வேண்டும். விலை குறைவு என்று சென்சார் இல்லாததை வாங்குவது, என்னைக் கேட்டால், வீண் சிக்கனம்.

அடுத்தது பேலன்சிங், அதாவது செல்களின் சார்ஜைச் சமப்படுத்துவது. சார்ஜ் முடியும் தறுவாயில் பி.எம்.எஸ்.ஸின் கைபேசிச் செயலியைத் திறந்தால் ஒரு செல் 3.65 வோல்ட்டிலும் மற்ற மூன்றும் 3.40-இலும் நிற்பதைக் காணலாம், மொத்தம் 13.85 வோல்ட்தான் ஆகியிருக்கும், ஆனாலும் அந்த ஒரு செல்லுக்காகப் பி.எம்.எஸ். சார்ஜைத் துண்டித்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வு 2 ஆம்பியர்-மணி என்றால், 50 மில்லி ஆம்பியர் பேலன்சிங் அதைச் சரிசெய்ய 40 மணி நேரம் எடுக்கும். ஒரு செல்லின் மிகுதிச் சார்ஜை மற்ற செல்லுக்கு மாற்றும் 1 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சருக்கு இரண்டு மணி நேரம் போதும். பெரிய செல்களை வாங்கித் தாங்களே பேட்டரி கட்டுபவர்களுக்கு ஆக்டிவ் பேலன்சருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். செல் வோல்ட்டேஜைக் காட்டும் புளூடூத்தும் அவசியம்.

வண்டியின் ஆல்டர்நேட்டரிலிருந்தும் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) சார்ஜ் செய்வதாக இருந்தால், இடையில் வோல்ட்டேஜையும் ஆம்பியரையும் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம் வேண்டும். நேரடி இணைப்பில் பி.எம்.எஸ். திடீரென்று துண்டிக்கும்போது எழும் வோல்ட்டேஜ், ஆல்டர்நேட்டரின் டையோடுகளைப் பாழாக்கக்கூடும். சோலார் கன்ட்ரோலரை 14.2 வோல்ட்டிலும், இன்வெர்ட்டரின் கீழ் வரம்பை 12 வோல்ட்டிலும் அமைத்துக்கொண்டால், பி.எம்.எஸ். தலையிட வேண்டிய சந்தர்ப்பமே அரிதாகிவிடும்.