கார் இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையின்போது, ஊத்தங்கரையில் நிறுத்தப்பட்டிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தில் இரண்டு கார்கள் சிக்கி, இரண்டுக்குமே இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தாலும், ஒன்றுக்குப் பணம் கிடைக்கும். மற்றொன்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகலாம். உங்கள் கார் இதில் எந்த வகை என்பதை அறிய, பாலிசியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பிரீமியம் கட்டத்தைப் பாருங்கள்

அதில் 'லயபிலிட்டி' என்ற பகுதிக்கு மட்டும் தொகை போடப்பட்டிருந்தால், உங்களிடம் இருப்பது தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது உங்கள் காரால் பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுகட்டுவது. வெள்ளத்தில் உங்கள் கார் கெட்டால் இதில் எதுவும் கிடைக்காது. 'ஓன் டேமேஜ்' (உங்கள் காருக்கே நேரும் சேதம்) பகுதியிலும் தொகை இருந்தால், அதுதான் பேச்சுவழக்கில் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' அல்லது 'ஃபுல் கவர்' எனப்படுவது. இந்த 'ஃபுல்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிட வேண்டாம். காரணம் 4-ஆம் படியில் வருகிறது.

படி 2: இரண்டு பகுதிகளின் காலாவதித் தேதிகளையும் தனித்தனியே சரிபாருங்கள்

2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு 3 ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். ஆனால் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் போடப்படுகிறது. 'மூன்று வருட இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஓன் டேமேஜை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளும் வசதி 2019 செப்டம்பர் முதல் உண்டு.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உங்கள் கார் முன்னால் செல்லும் வண்டியில் மோதிவிட்டால், அந்த வண்டியின் சேதத்துக்கு தேர்டு பார்ட்டி 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிப்பதே தொகை, அதற்கு உச்சவரம்பு இல்லை. ஓன் டேமேஜ் இல்லாவிட்டால், உங்கள் காரைச் சரிசெய்யும் செலவு மட்டும் உங்களுடையது.

படி 3: ஐ.டி.வி. (பாலிசியில் குறிக்கப்பட்ட காரின் மதிப்பு) தொகையைப் பாருங்கள்

கார் திருடுபோனாலோ, பழுதுச் செலவு இத்தொகையின் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, கணக்கிடப்படும் மதிப்பு இதுவே. பிரீமியத்தைக் குறைத்துத் தருவதாக ஏஜென்ட் சொன்னால், முதலில் இந்த எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கூடுதல் கவர்களைத் தேடுங்கள்

சாதாரண ஃபர்ஸ்ட் பார்ட்டியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும் என்பதால், பம்பர் உடைந்தால் பாதி விலை உங்கள் தலையில் விழும். அதைத் தவிர்ப்பதுதான் 'ஜீரோ டெப்', அதாவது 'பம்பர் டு பம்பர்'. நீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டுப்போனால், 'இன்ஜின் புரொடெக்ட்' இல்லாதவருக்கு கிளெய்ம் மறுக்கப்படுவது வழக்கம். ஆகவே வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருகாமல், வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுசெல்லுங்கள்.

படி 5: என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்) சலுகை

ஓராண்டு கிளெய்ம் இல்லையெனில் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதமும், தொடர்ந்து ஐந்தாண்டு இல்லையெனில் 50 சதவீதமும் தள்ளுபடி உண்டு. பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்துவைத்த தள்ளுபடி முழுவதும் போய்விடும்.