நீளக் காரும் கோண்டாவில் ஒழுங்கையும்

சொக்லேற் எத்தனை கிலோ, கோடாலித் தைலம் எத்தனை போத்தல் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் கோண்டாவிலுக்குப் போய் எந்தக் காரில் ஓடித் திரிவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சென்ற முறை, 2024 ஆவணியில், அதில்தான் மாட்டினேன்.

இத்தனைக்கும் கார் என் தொழில். இருபது வருடமாக ரொறொன்ரோ விமான நிலையத்தில் லிமோசின் ஓட்டுகிறேன். தொடங்கியது லிங்கன் டவுன் காரில். ஐந்தரை மீற்றர் நீளம், கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் அகலம். கடைசிக் காலத்தில் அதை எங்கள் ஒன்ராறியோவிலேயே, சென் தோமஸில் செய்தார்கள். 2011இல் காரும் நின்றது, அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வரிசையில் காத்து நிற்கும் நேரத்தில் எங்களுக்கு ஒரே பேச்சுத்தான்: பெரிய செடானைச் சொந்தமாக வைத்திருப்பதா, லீசுக்கு எடுப்பதா? டவுன் கார் ஓட்டிய பழைய ஆட்கள் சொந்தம்தான் என்று நிற்பார்கள். லொறி மாதிரி தனி இரும்புச் சட்டகத்தின்மேல் மேற்கூட்டை ஏற்றிய வண்டி, எதையும் கழற்றிப் பூட்டலாம் என்பது அவர்கள் வாதம். இளம் பெடியள் லீஸ் என்பார்கள், மூன்று வருடத்தில் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமாம். இப்போது அந்தச் சண்டைக்கும் ஆள் குறைவு. ரொயோட்டா அவலோன் 2022 மொடலோடு போனது, பிரம்டனில் செய்த கிறைஸ்லர் 300 அடுத்த வருடக் கடைசியில் போனது. வரிசை முழுக்க இப்போது எஸ்.யூ.வி. நான் அவலோன் ஹைபிரிட் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறேன். ஒரு நாளில் பத்து மணித்தியாலம் இருக்கிற சீற் சொந்தமாக இருக்கவேணும், நாலு நாள் தேவைக்கு வாடகை போதும். இதுதான் என் கட்சி.

வாடகைக்கு முதல் சாரதி அனுமதிப்பத்திரம். கனடாவில் சி.ஏ.ஏ. என்கிற வாகனக்காரர் சங்கம் தருகிற சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் காட்டி இலங்கையில் ஓடலாம் என்று நினைக்காதீர்கள், அது மட்டும் போதாது. கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனிலோ வேரஹெரவில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலோ உள்ளூர் அங்கீகாரம் எடுக்கவேண்டும். 2025 ஓகஸ்ற் முதல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதி கொடுக்கக் கருமபீடம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை, ஒரு நாள் போனது. பரவாயில்லை, அது சின்ன எரிச்சல்தான்.

உண்மையான எரிச்சல் தொலைபேசியில் வந்தது. மாமாவின் பேத்திக்குக் கலியாணம். ரிக்கற் போட்டுவிட்டேன் என்று சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "என்ன காரிலை வாறாய்?" ஹயஸ் வான் பிடிக்கலாம், எல்லாரும் ஏறலாம் என்றேன். "ஹயசிலை வந்து இறங்காதை தம்பி. சனம் சிரிக்கும். நீளக் கார் ஒண்டு கொண்டு வா. பொம்பிளை அதிலைதான் போகவேணும்." பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கதை. கறுப்பா, வெள்ளையா? பின் சீற் அகலமா? ஒரு கிழமை கார் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கனடாவில் இருந்துகொண்டு ஒரு கார் கிடைக்காதோ என்று மாமி பின்னால் நின்று கேட்பது கேட்டது.

மாமாவுக்குக் கார் என்றால் என்ன என்று நான் கொஞ்சம் சொல்லவேண்டும். அவரிடம் ஒஸ்ரின் சோமசெட் ஒன்று இருந்தது, சந்தியில் விட்டு வாடகைக்கு ஓடினார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்தளவுக்குத்தான் கிடைக்கும். தேன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடுவார்கள். அந்தப் புகை மணம் எனக்கு இன்னும் பிடிக்கும், வெளியில் சொல்வதில்லை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எங்கள் அம்மம்மாவை நாவற்குழிப் பாலத்தால் அந்தப் பக்கம் கொண்டுபோனதும் அந்தக் கார்தான். நான் பின்னால் நின்று தள்ளினேன். 1998இல் மாமா அதை விற்றார். நான் கனடா வந்தது 1999. இடையில் நடந்தது இந்த வழிகாட்டிக்குத் தேவையில்லை.

சரி, கொழும்பில் ஒருவரிடம் கறுப்பு பென்ஸ் ஈ கிளாஸ் எடுத்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். நான் போன நேரம் காருக்குச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் நகைக்கடைக்காரர் மாதிரி. முற்பணம் காசாக. ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர், மேலே ஓடினால் தனிக் கட்டணம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு வழியே ஏறத்தாழ 400 என்பதைக் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். நான் பிறகுதான் போட்டேன்.

ஓடுவதற்கு? பொய் சொல்லக்கூடாது, அருமை. ஏ9 வீதி வவுனியா தாண்டி நேராகக் கிடக்கிறது, கார் பாய் விரித்தமாதிரிப் போகிறது. 70க்கு மேல் மிதிக்காதீர்கள், மரநிழலில் பொலிஸ் நிற்கும். இருட்டில் கிளிநொச்சிப் பக்கம் மாடுகள் தார் வீதியில் படுத்திருக்கும், ஹோன் அடித்தால் எழும்பாது.

கோண்டாவிலுக்கு வந்து, மாமா வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையின் வாசலில் நிறுத்தினேன். அங்கே நின்ற ஹயஸ் சாரதி காரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, உது கொழும்புக் கார். உள்ளுக்கை விடாதேங்கோ" என்றார். தொழில்காரன் சொன்னதைத் தொழில்காரன் கேட்டிருக்கவேண்டும். ஆனால் மாமா படலையடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், இரவு முழுக்கக் கார் வீட்டு வாசலில் நிற்கவேண்டுமாம், சனம் பார்க்கவேண்டுமாம். கண்ணாடிகளை மடக்கி, அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டேன்.

விடிய வெளியே எடுக்க முடியவில்லை. இரவோடு இரவாக வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள், எதிர்வீட்டுக்காரர் வீட்டு வேலைக்குப் பறித்த மணலும் சரிந்து கிடந்தது. றிவேர்ஸ் எடுக்க எட்டுப்பேர் சைகை காட்டினார்கள், எட்டும் எட்டுத் திசை. "ஒடி, ஒடி", "நேர் எடு", "வரட்டும், வரட்டும்." வரட்டும் என்றவர் பின் கதவு மதிலில் உரசும்போதும் வரட்டும் என்றுதான் சொன்னார். முகூர்த்தத்துக்கு நேரம் போகிறது என்று மாமி அழத் தொடங்க, மணப்பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்க நடந்து போய் ஹயசில் ஏறினாள். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமா என் பக்கம் பார்க்கவில்லை.

நாங்கள் சின்னனாக இருக்கும்போது அந்த ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கிடுகு வேலி. கார் உரசினால் வேலி வளையும், நாலு ஓலை உதிரும், அவ்வளவுதான். இப்போது முழுக்க மதில், எல்லாம் வெளிநாட்டுக் காசு, ஒவ்வொன்றும் ஒழுங்கைக்குள் அரை அடி வந்து நிற்கிறது. கதவைக் கிழித்த மதிலுக்கு ஒரு கீறலும் இல்லை. நல்ல சீமெந்து. 2011இல் காசு அனுப்பியது நான்தான், எனக்குத் தெரியும்.

முற்பணத்தில் பெரும்பகுதி போனது. எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள், பழைய கீறல்களுக்கும் சேர்த்துக் கழிப்பார்கள்.

என்ன எடுக்கலாம் என்று கேட்டால், ரொயோட்டா ஆக்ஸியோ, பிரிமியோ, அலியன். மூன்றும் 1,695 மில்லிமீற்றர் அகலம். யப்பானில் சின்னக் கார் வகுப்புக்கு 1.7 மீற்றர்தான் எல்லை, அதற்குள் அடங்கச் செய்தவை. சாதாரண ஹயஸும் அதே 1,695தான். நான் கொண்டுபோன நீளக் கார் அந்த வானைவிட ஆறு அங்குலமளவு அகலம் கூட. இதை யாழ்ப்பாணத்தில் வான் ஓடுகிற யாரும் அளக்காமலே சொல்வார்கள். பெரிய செடான்தான் வேண்டும் என்று வீட்டில் நின்றால் சாரதியோடு ஒரு நாளுக்கு எடுங்கள், மண்டபத்துக்கு நேரே வரச் சொல்லுங்கள், ஒழுங்கைக்குள் விடவேண்டாம்.

திருப்பிக் கொடுக்க முதல் நாள், காயத்தோடேயே மாமாவைக் கீரிமலைக்குக் கூட்டிப் போனேன். போக வர அவர் ஒன்றும் கதைக்கவில்லை. முன் சீற்றைப் பின்னால் தள்ளும் பொத்தானை மட்டும் அமத்திப் பார்த்துக்கொண்டே வந்தார், பின்னுக்கு, முன்னுக்கு, பிறகும் பின்னுக்கு. அடுத்த முறை பிரிமியோ எடுப்பதாக இருக்கிறேன். இடப்பக்க சீற்றுக்கும் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.